குவேசார்களை எண்ணி ஹாலோவை எடை போடுவது எப்படி?

கேலக்சியின் நடுவிலிருக்கும் கருந்துளைக்கு அதன் மையப் புடைப்பின் (நடுவில் விண்மீன்கள் திரண்டு உப்பியிருக்கும் பகுதி) நிறையில் ஆயிரத்தில் சில பங்குதான் தேறும். பால்வீதியில் கணக்கு இன்னும் மோசம்: கருந்துளை சுமார் 43 லட்சம் சூரியன்கள், கேலக்சியைச் சுற்றிலும் போர்த்தியிருக்கும் இருண்ட பொருளின் (ஒளி விடாத, ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் பொருள்) உறையான ஹாலோ ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி சூரியன்கள். ஆனாலும் தீனி கிடைத்துவிட்டால் அதன் பலம் வேறு. உள்ளே விழும் வாயுவின் நிறையில் சுமார் 10 சதவீதம் ஆற்றலாக வெளியேறும்; விண்மீன்களில் ஹைட்ரஜன் ஹீலியமாகும்போது கிடைப்பது 0.7 சதவீதமே. இப்படித் தீனி தின்று மிகப் பிரகாசமாக எரியும் கருந்துளைதான் குவேசார்.

ஹாலோ கண்ணுக்குத் தெரியாது. கனமான ஹாலோக்கள் நெருக்கமாகக் கூடியிருக்கும் என்பதுதான் பிடி. வானத்தை அளந்து பட்டியலிட்ட ஸ்லோன் ஆய்வு போன்றவற்றின் பட்டியலில் குவேசார்களை ஜோடி ஜோடியாக எடுத்து, குறிப்பிட்ட இடைவெளியில் எத்தனை ஜோடிகள் என்று எண்ணுவார்கள். அதே வான்பரப்பில் தாறுமாறாகத் தூவிய போலிப் புள்ளிகளிலும் எண்ணுவார்கள். உண்மைப் பட்டியலில் எவ்வளவு ஜோடிகள் மிகுதி என்பதைக் கணினியில் உருவாக்கிய மாதிரி அண்டத்தோடு ஒப்பிட்டால் நிறை கிடைக்கும். குவேசார்களுக்கு வரும் விடை சில லட்சம் கோடி சூரியன்கள். வியப்பு என்னவென்றால், வெகு பழைய காலத்துக் குவேசார்களுக்கும் விடை பெரிதாக மாறுவதில்லை.

சறுக்கும் இடங்கள் உண்டு. போலிப் புள்ளிகளில் தொலைநோக்கியின் பார்வை விட்டுப்போன ஓட்டைகளை அப்படியே வெட்டாவிட்டால், அந்த ஓட்டைகளே கூட்டமாகத் தெரியும். தூரத்தைக் கணிக்க உதவும் செம்பெயர்ச்சியில் (ஒளி சிவப்புப் பக்கம் நகரும் அளவு) தூரத்தோடு கேலக்சியின் சொந்த வேகமும் கலந்திருப்பதால், பார்வைக் கோட்டின் வழியே ஜோடிகளைக் கூட்டித்தான் எடுக்க வேண்டும். குவேசார்கள் அரிது, ஜோடிகள் அதைவிட அரிது. அதனால் அருகிலுள்ள சாதாரணக் கேலக்சிகளோடு ஜோடி சேர்ப்பதே புத்திசாலித்தனம்.

பலர் கோட்டை விடுவது ஒப்பீட்டில்தான். தீனி தின்னும் கருந்துளைகளில் எக்ஸ்-கதிரில் பிடித்தவற்றையும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பிடித்தவற்றையும் நேரடியாக ஒப்பிட்டால் ஹாலோ நிறை வேறுபடும். ஆனால் அவை குடியிருக்கும் கேலக்சிகளின் விண்மீன் நிறையைச் சமன் செய்தால் அந்த வேறுபாட்டில் பெரும்பகுதி காணாமல் போகும். கருந்துளை எரிந்து அணைவது கேலக்சியின் வயதோடு ஒப்பிட்டால் நொடிப்பொழுது. இன்று அணைந்திருப்பது முன்பு எரிந்ததாக இருக்கலாம்.

ரேடியோ ஜெட் (ரேடியோ அலை உமிழும் துகள் பீச்சு) வீசும் கருந்துளைகள் தனி ரகம். அவை பத்து லட்சம் கோடி சூரியன்களும் அதற்கு மேலும் உள்ள ஹாலோக்களையே விரும்புகின்றன. பெர்சியஸ் கேலக்சிக் கொத்தின் நடுவிலுள்ள என்.ஜி.சி. 1275 என்ற கேலக்சி இதற்குத் தெளிவான சான்று: ஜெட்கள் சூடான வாயுவில் குடைந்த குமிழிகளைச் சந்திரா எக்ஸ்-கதிர் விண்வெளித் தொலைநோக்கி படம் பிடித்திருக்கிறது. அந்தச் சூடு தொடர்ந்து கிடைப்பதால்தான் நடுவிலுள்ள வாயு மொத்தமாகக் குளிர்ந்து விண்மீன்களாகிவிடாமல் இருக்கிறது.