குரல்வழி உயிர்க்குறிப்பான்

‘வோக்கல் பயோமார்க்கர்’ என்பது ஒருவரின் குரலிலிருந்து அளந்தெடுக்கப்பட்டு, அவருடைய உடல்நிலையையோ மனநிலையையோ உணர்த்துவதாகக் கொள்ளப்படும் பண்பைக் குறிக்கும் சொல். செயற்கை நுண்ணறிவு மருத்துவத்துக்குள் நுழைந்தபின் இச்சொல் பரவலாகியிருக்கிறது.

இதன் முற்பகுதி, குரலைக் குறிக்கும் ‘வாக்ஸ்’ என்னும் லத்தீன் சொல்வழி வந்தது. ‘பயோஸ்’ என்பது கிரேக்கத்தில் வாழ்வு. ‘மார்க்’ என்பதன் பழைய ஆங்கில வடிவம் எல்லையையும் அடையாளத்தையும் குறித்தது. 2001இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் பணிக்குழு வெளியிட்ட வரையறை, பயோமார்க்கர் என்பது புறவயமாக அளந்து மதிப்பிடப்படும் பண்பு என்கிறது. அளந்ததை மதிப்பிட்டும் பார்த்திருக்க வேண்டும் என்பதே இதில் முக்கியம்; அறநெறிச் சிக்கல்கள் பலவும் இந்த இரண்டாம் பகுதியை விட்டுவிடுவதால்தான் எழுகின்றன.

சோதனைக்கு வந்தவரைச் சில நொடிகள் ‘ஆ’ என்று இழுத்து ஒலிக்கச் சொல்லிப் பதிவு செய்கிறார்கள். குரல்நாண்களின் ஓர் அதிர்வுக்கும் அடுத்த அதிர்வுக்கும் இடையே கால அளவில் நேரும் மாறுபாடு ‘ஜிட்டர்’ எனவும், வீச்சில், அதாவது அதிர்வின் வலிமையில், நேரும் மாறுபாடு ‘ஷிம்மர்’ எனவும் கணக்கிடப்படும். பார்க்கின்சன் நோயில் குரல் தணிந்து, ஏற்ற இறக்கம் குன்றுவது மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று. ஆயினும் சளியும், உறங்காத இரவும், தரம் குறைந்த ஒலிவாங்கியும் இதே அளவுகளை மாற்றிவிடும். ஒரு மொழியினரின் குரல்களில் பழக்கப்பட்ட கருவி, வேறு மொழி பேசுபவரின் இயல்பான இழுப்பையே குறையாகக் கணித்துவிடவும் கூடும்.

தமிழில் ‘உயிர்க்குறி’, ‘உயிர்க்குறியீடு’, ‘உயிர்க்குறிப்பான்’ என்னும் வடிவங்கள் உள்ளன. குறியீடு என்றால் மனிதர் வகுத்துக்கொண்ட அடையாளம் என்ற பொருளே முந்தி வருவதால் அது பொருந்தாது. ‘குறி’ நோய்க்குறியையும் சுட்டும், குறி சொல்வதையும் சுட்டும். அளக்கப்பட்ட ஒன்றுக்கு இந்த இருபொருள் ஆகாது. எனவே ‘குரல்வழி உயிர்க்குறிப்பான்’ என்பதையே பரிந்துரைக்கிறேன். ‘குறிப்பான்’ என்பது சுட்டிக்காட்டுவதோடு நின்றுவிடும். நோயை முடிவு செய்யாது. ஆகவே, ‘உயிர்க்குறிப்பான் நோயைக் கண்டறிந்தது’ என்று எழுதுவது பிழை. ‘மேற்கொண்டு சோதிக்க வேண்டும் எனக் காட்டியது’ என்பதே சரி.

குரலைக் கேட்டு நோய் தேடுவது நமக்குப் புதிதன்று. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாடி, நா, விழி முதலியவற்றோடு நோயாளியின் குரலும் பேச்சுமாகிய ‘மொழி’யும் இடம்பெறுகிறது. ஆனால் அங்கே நோயாளி, தன்னைப் பார்க்கத்தான் மருத்துவர் கேட்கிறார் என்று அறிந்தே பேசுகிறார். வேறொரு தேவைக்காகத் தொலைபேசியில் பேசியவரின் பதிவை எடுத்து, அவருக்கு மனச்சோர்வு உண்டா என்று அலசுவது, அவர் தராத இசைவைத் தந்ததாகக் கொள்வது. இதை நான் ஏற்கமாட்டேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், பணியிடத்திலும் கல்விக்கூடத்திலும் குரல் போன்ற உடற்கூறுகளிலிருந்து உணர்வுகளை ஊகிக்கும் கருவிகளை, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்களுக்கு மட்டும் விலக்களித்து, 2025 பிப்ரவரி முதல் தடை செய்துள்ளது.

இச்சொல்லோடு குழப்பிக்கொள்ளக் கூடாத மற்றொன்று ‘குரல்தடம்’. அது பேசியவர் யார் என்பதைக் காட்டுவது. உயிர்க்குறிப்பான் அவர் எப்படி இருக்கிறார் என்பதைக் காட்டுவது. ஒரே பதிவில் இரண்டும் இருப்பதால், பெயரை நீக்கிவிட்டாலும் பதிவு பெயரற்றதாகிவிடுவதில்லை. அமெரிக்க மருத்துவத் தனியுரிமை விதிகள், நீக்கப்பட வேண்டிய 18 அடையாளங்களுள் குரல்தடத்தையும் சேர்த்திருப்பது இதனால்தான். இசைவுப் படிவத்தில் இவ்விரண்டையும் தனித்தனியே விளக்கிக் கையொப்பம் பெற வேண்டும்.