கீரையை அரைத்துக் கொண்டு வராதீர்கள்

பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். தன் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த முருங்கைக் கீரையைக் காயவைத்து, மிக்ஸியில் பொடித்து, சலித்து ஒரு டப்பாவில் கொடுத்தார். "குரோமியம் இருக்குதான்னு பாத்துச் சொல்லுப்பா, பேரப் பிள்ளைங்க சாப்பிடுது" என்றார்.

அவர் பயம் நியாயமானது. தோல் பதனிடும் ஆலைகளின் குரோமியக் கழிவால் பாலாற்றங்கரை நிலத்தடி நீர் கெட்டதைப் பற்றி உச்ச நீதிமன்றமே 1996இல் தீர்ப்புச் சொன்ன பகுதி இது. ஆனாலும் அந்தப் பொடியை நான் வாங்கவில்லை.

மிக்ஸி ஜாரும் பிளேடும் எவர்சில்வர். எவர்சில்வரில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் குரோமியம். காய்ந்த இலையை அரைக்கும்போது அது துளித்துளியாகத் தேய்ந்து பொடியில் சேரும். நாங்கள் அரை கிராம் எடுத்து, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, கிலோவுக்கு மில்லிகிராமுக்கும் கீழே அளக்கிறோம். அந்த அளவில் ஜாரின் தேய்மானமும் கணக்கில் வந்துவிடும். எது நிலத்தது, எது ஜாரினது என்று கருவிக்குப் பிரிக்கத் தெரியாது.

மண்ணும் இதே வேலையைச் செய்யும். இலையில் ஒட்டிய தூசியில் இரும்பு நிறைய உண்டு. கழுவாத கீரையைச் சோதித்தால் "இரும்புச்சத்து அபாரம்" என்று ரிப்போர்ட் வரும். அது உடம்பில் சேரும் இரும்பு இல்லை. அதனால் சமையலுக்குக் கழுவுவது போலவே கழுவி, புதுப் பாலித்தீன் பையில் முழுதாகக் கொண்டு வாருங்கள். செய்தித்தாளில் மடிக்க வேண்டாம்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, கணக்கு பச்சை எடைக்கா, உலர் எடைக்கா என்பதை. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயையே எடுத்துக்கொள்ளுங்கள். கத்திரிக்காயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். உலர்த்தி அளந்தால் அதே காயின் எண் பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். இதைக் கவனிக்காமல் பயந்து ஓடி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், குரோமியம் என்றால் பொதுவாக வருவது எல்லா வகையும் சேர்ந்த மொத்தக் கணக்கு. அதில் புற்றுநோய் வரவைக்கும் வகையான ஆறு இணைதிறன் குரோமியத்துக்குத் (குரோமியம்-6) தனிச் சோதனை கேட்க வேண்டும். மஞ்சள்தூளில் மட்டும் காரீயத்தையும் குரோமியத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக ஏறியிருந்தால் பளபளப்புக்காகக் காரீயக் குரோமேட் என்ற மஞ்சள் சாயம் கலந்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும். கொதிக்க வைத்தாலும் காரீயம் போகாது.

பெரியவர் மறுவாரம் வந்தார். கொப்போடு ஒடித்த கீரை, கழுவியது ஒரு பை, கழுவாதது ஒரு பை. நான் கேட்டபடி கிணற்றுத் தண்ணீரும் ஒரு பாட்டில். கழுவாத கீரையில் தெரிந்த குரோமியத்தில் பெரும்பகுதி கழுவியதில் இல்லை. செடி குரோமியத்தைப் பெரும்பாலும் வேரிலேயே நிறுத்திக்கொள்ளும். தண்ணீர்தான் குடிநீருக்கான வரம்பைத் தாண்டியிருந்தது, அதாவது லிட்டருக்கு 0.05 மில்லிகிராமை. கீரையைக் கழுவிச் சாப்பிடலாம், ஆனால் கழுவுவதும் குடிப்பதும் சமைப்பதும் வேறு தண்ணீரில் என்று எழுதிக் கொடுத்தேன்.