மூச்சு வாங்கும் ஆர்கன்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் பெந்தெகொஸ்தே சபைகளில் ஞாயிறு ஆராதனையைக் கேட்டால், பிரசங்கியாரோடு இன்னொருவரும் பேசிக்கொண்டிருப்பது போல இருக்கும். அவர் ஒரு வாக்கியம் சொல்லி மூச்சு விடுகிற இடைவெளியில் ஆர்கன் பதில் சொல்லும். அவர் குரல் உயர உயர அதுவும் நடுங்கத் தொடங்கும். அந்த நடுக்கம் வாசிப்பவரின் விரலிலிருந்து வருவதல்ல. பக்கத்தில் நிற்கும் மரப்பெட்டிக்குள் இருக்கிறது.

முதலில் ஆர்கன். சிகாகோவில் கடிகாரத் தொழில் நடத்திய லாரன்ஸ் ஹாமண்ட், மின்கடிகாரத்தை நேரம் பிசகாமல் ஓட்டும் அதே வகை மோட்டாரை வைத்து 1935இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பி-3 போன்ற மாடல்களுக்குள் 91 சின்னச் சக்கரங்கள் சுழல்கின்றன. பெரும்பாலானவற்றின் விளிம்பில் பல் பல்லாக இருக்கும். எதிரே ஒரு காந்தமும் கம்பிச்சுருளும். ஒவ்வொரு பல் கடக்கும்போதும் சுருளில் மின்னோட்டம் ஏறி இறங்கும். வினாடிக்கு 440 பல் கடந்தால் 440 ஹெர்ட்ஸ் சுரம். அவ்வளவுதான்.

குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத சபைகளுக்கு இது வரப்பிரசாதம். 1939இல் சிகாகோவின் ஃபர்ஸ்ட் சர்ச் ஆஃப் டெலிவரன்ஸில் கென்னத் மோரிஸ் என்ற இசைக்கலைஞர் இதை வாசிக்கத் தொடங்கினார். காஸ்பல் எனப்படும் கறுப்பினச் சபைகளின் பக்தி இசையின் முகமே அதற்குப் பிறகு மாறியது.

ஆனால் சக்கரம் தரும் ஒலி தட்டையானது, உயிரில்லாதது. அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டான் லெஸ்லிக்கும் அப்படித்தான் பட்டது. 1940களின் தொடக்கத்தில் அவர் ஒலிபெருக்கிப் பெட்டிக்குள், ஒலி வெளிவரும் புனல் போன்ற ஒரு கொம்பைச் சுழலவிட்டார். ஹாமண்ட் நிறுவனம் அதைச் சீந்தவில்லை என்பது தனிக்கதை.

ரயில் நம்மை நோக்கி வரும்போது ஹாரன் கூர்மையாகவும், கடந்து போனதும் தணிந்தும் கேட்கும் அல்லவா? டாப்ளர் விளைவு. லெஸ்லியின் கொம்பு வேகமாக ஓடும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 சுற்று சுற்றும். அதன் வாய் மையத்திலிருந்து சுமார் 19 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொண்டால், வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வந்து விலகுகிறது. ஒலியின் வேகத்தில் இது 2 சதவீதத்துக்குச் சற்று மேல். சுரம், அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையிலுள்ள அரை சுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறி, அதே அளவு இறங்கும். கூடவே ஒலியின் அளவும் கூடிக் குறையும். சுவரில் பட்டு வரும் எதிரொலிகள் வேறு வேறு சுரத்தில் வந்து கலக்கும்.

எனக்குப் பிடித்த விஷயம் இனிமேல்தான். வேகத்தை மாற்ற ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. அதைத் தட்டியதும் வேகம் சட்டென்று மாறிவிடாது. இலேசான கொம்பு ஓரிரு வினாடியில் வேகம் பிடிக்கும். கீழே கனத்த ஒலிக்காகச் சுழலும் பருத்த உருளைக்கு இன்னும் பல வினாடி ஆகும். வெறும் நிலைமம்தான். ஆனால் பிரசங்கியார் உச்சத்துக்குப் போகும் நேரம் பார்த்து வாசிப்பவர் சுவிட்சைத் தட்டினால், ஒலி மெல்ல மெல்லச் சூடேறி, மேல் குரல் முந்த அடிக்குரல் பின்னால் ஓடி வந்து சேரும். கேட்பவருக்கு யாரோ மூச்சு வாங்குவது போலவே இருக்கும். எந்தக் கணத்தில் தட்டுவது என்பதில்தான் வித்தை.

இன்னொரு கோளாறும் உண்டு. ஒரு கட்டையை அழுத்தினால் அடியில் ஒன்பது மின்தொடர்புகள் சரியாக ஒரே கணத்தில் சேராமல் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். பொறியாளர்கள் அதை ஒழிக்கப் பாடுபட்டார்கள். வாசித்தவர்களுக்கோ அது தாளத்துக்கு வாகாகிப்போனது.

புரூக்ளின் தேவாலயத்தில் சிறுவயதிலேயே வாசித்துப் பழகிய கோரி ஹென்றி இன்று அதே ‘டிக்’கையும் அதே சுவிட்சையும் ஜாஸ், ஃபங்க் மேடைகளில் கையாள்கிறார். எல்லாரிடமும் அசல் பி-3 இருக்குமா? பெஞ்சும் பெடலும் சேர்த்து 200 கிலோவை நெருங்கும் பெட்டி அது. 1970களிலேயே தயாரிப்பும் நின்றுவிட்டது. அதனால் சக்கரமோ கொம்போ இல்லாத டிஜிட்டல் கீபோர்டுகள் பல சபைகளுக்கு வந்துவிட்டன. அவற்றின் அமைப்புகளைத் திறந்தால் ‘டிக்’ எவ்வளவு வேண்டும் என்று ஒரு தேர்வு இருக்கும்; இல்லாத கொம்பு வேகம் பிடிக்க எத்தனை வினாடி எடுக்கட்டும் என்று இன்னொன்றும் இருக்கும்.