மரக் கப் பாடக் கூடாது: புது வெர்ஷன் வாங்கியவர்களுக்கு ஒரு ரிப்பேர்காரனின் வேண்டுகோள்

போன வாரம் வந்தவரோடு சேர்த்து இந்த வருஷத்தில் ஐந்து பேர் ஆகிவிட்டது. எல்லார் கையிலும் இரண்டு ஹெட்ஃபோன். ஒன்று நாலைந்து வருஷம் உழைத்த குளோஸ்டு பேக் (பின்பக்கம் மூடிய) மர மாடல். இன்னொன்று அதே மாடலின் புது வெர்ஷன். எல்லாருக்கும் புகார் ஒன்றுதான்: "சார், புதுசுல பாஸ் போயிடுச்சு. மரத்தை மாத்திட்டாங்க."

ஹெட்ஃபோன் பழுது பார்ப்பதும் அளவெடுப்பதும் என் தொழில். முதல் நாலு பேரிடம் பொறுமையாகத்தான் பேசினேன். ஐந்தாமவர் புகாரோடு நிற்கவில்லை. காதுக்கு வெளிப்பக்கம் கூடாக இருக்கும் புது மரக் கப்பைத் திருகு கழற்றித் திறந்து, உள்பக்கம் முழுக்க மரச்சாமானுக்குப் பூசும் எண்ணெயைத் தடவிக்கொண்டு வந்திருந்தார். "மரம் காஞ்சு கிடக்கு சார், எண்ணெய் குடிச்சா இதமா பேசும்னு யாரோ சொன்னாங்க." எண்ணெய் கப்புக்குள் ஒட்டியிருந்த ஃபெல்ட்டில் ஊறி, பசை இளகி, ஃபெல்ட்டின் ஒரு மூலை கழன்று, ஒலி எழுப்பும் பாகமான டிரைவரின் முதுகில் உரசிக்கொண்டிருந்தது. இதற்குப் பிறகும் எழுதாமல் இருந்தால் தப்பு என் மேல்தான்.

முதலில் காணாமல் போன பாஸை, அதாவது அடி ஒலியை, கண்டுபிடித்துவிடுவோம். ஐந்தாமவர் தடித்த பிரேம் கண்ணாடிக்காரர். பழைய ஹெட்ஃபோனின் பேட் (காதைச் சுற்றி அமரும் மெத்தை) நாலு வருஷமாக அவர் தலையிலேயே கிடந்து, கண்ணாடியின் கை போகும் இடத்தில் அழகாகப் பள்ளம் விழுந்து படிந்திருந்தது. புதுப் பேட் விறைப்பாக இருந்தது. கண்ணாடிக் கைக்கு மேலும் கீழும் சின்னச் சின்ன இடுக்கு. எண்ணெய் படாத இன்னொரு பக்கத்தை மட்டும் ஓடவிட்டு, "கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள்" என்றேன். கழற்றினார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. திரும்ப மாட்டினார், திரும்பக் கழற்றினார். "இது என்ன சார், சுவிட்ச் போட்ட மாதிரி வருது?"

சுவிட்ச்தான். பின்பக்கம் மூடிய ஹெட்ஃபோனில் பேட், காது, டிரைவர் மூன்றும் சேர்ந்து ஒரு சின்ன மூடிய அறை. அதில் காற்றுக் கசிந்தால் முதலில் ஓடிப்போவது அடிமட்ட பாஸ். அதே கண்ணாடியை அளவெடுக்கும் செயற்கைத் தலைக்கு மாட்டிப் பார்த்தேன். 50 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 9 டெசிபெல் இறங்கியிருந்தது. 1,000 ஹெர்ட்ஸில் அசைவே இல்லை. அப்புறம் பழைய பேடை எடுத்துப் புது உடம்பில் மாட்டினேன். நல்லவேளையாக இரண்டுக்கும் பூட்டு ஒன்றே. அளவெடுத்த கோடு பழைய ஹெட்ஃபோனின் கோட்டின் மேலேயே போய் உட்கார்ந்தது. ஆக, மாறியது மரம் இல்லை, பேட். மரத்தைப் பற்றி அவர் மூன்று வாரம் யாருடனெல்லாமோ சண்டை போட்டிருக்கிறார்.

சரி, மரத்துக்கு வருகிறேன். என்னை மிகவும் எரிச்சலூட்டும் விஷயம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

"வீணையை ஏன் பலா மரத்தில் செய்கிறார்கள்? மரத்தில் நாதம் இருப்பதால்தானே?" என்று கேட்காத வாடிக்கையாளர் அபூர்வம். கேள்வி நியாயமானது, பொருத்திய இடம் தப்பு. வீணையில் தந்தி மட்டும் அதிர்ந்தால் பக்கத்து அறைக்குக் கூடக் கேட்காது. அதிர்வு குதிரை வழியாகப் பலகைக்கும் குடத்துக்கும் இறங்கி, மரமே அதிர்ந்து காற்றைத் தள்ள வேண்டும். மரம் பாட வேண்டும் என்பதற்காகவே மரம். ஹெட்ஃபோனில் நிலைமை நேர் எதிர். பாடுவது டிரைவரின் சவ்வு. கப் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். பாடகர் வீணையையும் சேர்த்துப் பதிவு செய்து முடித்துவிட்டார். அதன் மேல் உங்கள் கப் தன் பங்குக்கு ஒரு சுருதி சேர்த்தால் அது அழுக்கு. கச்சேரி நடக்கும்போது மண்டபத்துச் சுவரும் கூடவே பாடினால் ரசிப்பீர்களா?

அப்படியானால் மரம் வீணா? நான் அப்படிச் சொல்லவில்லை. விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். உலோகக் கப் 'டிங்' என்று இழுக்கும். மெல்லிய பிளாஸ்டிக் 'டப்' என்று அலறும். தடித்த மரம் 'டொக்' என்று சொல்லி உடனே அடங்கும். எடை குறைவு, விறைப்பு போதுமானது, தன்னுள்ளேயே அதிர்வைத் தின்றுவிடும் குணம். கடைந்து எடுப்பதால் உள்சுவரை வேண்டியபடி வளைக்கவும் முடிகிறது. மரத்தின் பெருமை அது சும்மா இருப்பதில்தான். நீங்களோ அது பேச வேண்டும் என்று எண்ணெய் ஊற்றுகிறீர்கள்.

கப்புக்குள் நடக்கும் உண்மையான தகராறு வேறு. டிரைவரின் முதுகிலிருந்து கிளம்பும் ஒலி பின்சுவரில் மோதித் திரும்பி வருகிறது. ஆழம் 4 சென்டிமீட்டர் என்றால் சுமார் 4,300 ஹெர்ட்ஸில் நிலை அலை எழும், அதாவது போகும் ஒலியும் திரும்பும் ஒலியும் சேர்ந்து அந்த ஒரு சுருதி மட்டும் பெருத்து நிற்கும். மனிதக் காது கூர்மையாக இருக்கும் இடம் பார்த்து அடிக்கிறது. அது வால்நட்டா, மஹோகனியா என்று அந்த அலை கேட்பதில்லை. ஆழம், வளைவு, உள்ளே திணித்த ஃபெல்ட்டும் கம்பளியும்தான் அதை அடக்கும். அதனால் ஒரு வெர்ஷனில் மரத்தின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்று விளம்பரம் சொன்னால், கப்பின் ஆழத்தையும் உள்ளே உள்ள பஞ்சையும் தொட்டார்களா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

மர ஹெட்ஃபோன் என்றாலே பெரியவர்கள் சோனியின் எம்.டி.ஆர்-ஆர்10 பெயரைச் சொல்வார்கள். 1989-இல் வந்தது, ஜப்பானிய செல்கோவா மரக் கப். எல்லாருக்கும் மரம் நினைவிருக்கிறது. அதன் சவ்வு பாக்டீரியா நெய்து தரும் பயோ செல்லுலோஸில் செய்தது என்பதை எத்தனை பேர் சொல்கிறார்கள்? டெனானின் ஏ.ஹெச்-டி9200 வாங்கியவர் ஒருவர் "மரத்தின் இனிமை" என்று அரை மணி நேரம் பேசினார். அதன் கப் மூங்கில். மூங்கில் புல் வகை என்று சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து நானே பேச்சை மாற்றிவிட்டேன். (நல்ல ஹெட்ஃபோன்தான், அது வேறு கதை.)

புது வெர்ஷன் என்ற சொல்லுக்கு வருவோம். என்ன மாறியது என்று முதலில் கேளுங்கள். ஃபாஸ்டெக்ஸ் டி.ஹெச்900 எம்.கே.2 ஆனபோது சொல்லப்பட்ட முக்கிய மாற்றம், கழற்றி மாட்டும் கேபிள். அந்த மாதிரி மாற்றத்தில் போய் 'மேடை (இசை பரந்து கேட்கும் உணர்வு) அகன்றுவிட்டது' என்று தேடக் கூடாது. தலைப்பட்டை மாறியிருந்தால் அழுத்தம் மாறும், அழுத்தம் மாறினால் கசிவு மாறும். பேட் மாறினால் ஏறக்குறைய எல்லாமே மாறும். காதுக்கும் டிரைவருக்கும் உள்ள தூரம் முதற்கொண்டு. கப்பில் காற்றுப் போக ஒரு குண்டூசி அளவுத் துளை, அதன் மேல் வலைத்துணி ஒட்டியிருக்கும். வலைத்துணியின் நெசவை மாற்றினால் பாஸின் உருவமே மாறும். அந்தத் துளையைத் தூசி போகிறது என்று ஸ்டிக்கர் ஒட்டி அடைத்துக்கொண்டு வந்தவரும் உண்டு. என் பொறுமைக்கு விருது எதுவும் கொடுக்கவில்லை.

ஒப்பிடும்போது சத்த அளவைச் சமன் செய்யாமல் செய்கிற தீர்ப்பு எதையும் நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஒரு டெசிபெல் கூடினால் "சத்தம் கூடியது" என்று தோன்றாது. "தெளிவு கூடியது, பாஸ் உருண்டு வருகிறது" என்றுதான் தோன்றும். சத்தம் ஏற ஏற பாஸ் நம் காதுக்குப் பெருகிக் கேட்கும் என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பின் குமிழை ஒரே இடத்தில் வைத்துவிட்டு இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன் என்பது ஒப்பீடு ஆகாது. இரண்டின் உணர்திறனும், அதாவது ஒரே மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பதும், வேறு. பெட்டியில் உள்ள எண்ணை நம்பிக் கணக்குப் போடுபவர்கள் அது மில்லிவாட்டுக்கா, வோல்ட்டுக்கா என்று பாருங்கள். மில்லிவாட்டுக்கு 100 டெசிபெல் என்று போட்ட 25 ஓம் ஹெட்ஃபோன் வோல்ட்டுக்கு 116. அதே 100 போட்ட 300 ஓம் ஹெட்ஃபோன் வோல்ட்டுக்கு 105 சொச்சம்தான்.

வீட்டில் இப்படிச் செய்யலாம். தடித்த அட்டையில் மைக் அளவுக்கு ஓட்டை போட்டு, போனின் மைக் அதில் வருமாறு ஒட்டி, பேடை அட்டை மேல் இடுக்கில்லாமல் கவிழ்த்து வையுங்கள். 500 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரை மட்டும் உள்ள இரைச்சலை ஓட்டி, இரண்டும் அரை டெசிபெல்லுக்குள் வரும்படி குமிழைத் திருப்பிக் குறித்துக்கொள்ளுங்கள். போன் காட்டும் எண் சரியா என்ற கவலை வேண்டாம், வித்தியாசம் மட்டும்தான் தேவை. பாஸை இதில் சேர்க்காததற்குக் காரணம் இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அப்புறம் பாட்டு. நூறு முறை கேட்ட, தனி ஆண் குரல் உள்ள பதிவு ஒன்று. தம்புரா சுருதி மட்டும் ஓடும் பதிவு ஒன்று. கப் எங்கேனும் முனகினால் அந்தத் தொடர் ஒலியில் ஒரு ஸ்வரம் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். கடைசியாக 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒற்றை ஒலி, குறைந்த சத்தத்தில். நடுவில் 'டர்ர்' என்று கேட்டால் டிரைவர் போச்சு என்று பதறாதீர்கள். பாதி நேரம் அது சவ்வில் ஒட்டிய ஒரு தலைமுடி. நானே இடுக்கியால் எடுத்துப் போட்டுவிட்டுக் காசு வாங்காமல் அனுப்பியிருக்கிறேன்.

ஒரு பக்கம் சத்தம் குறைவாகத் தெரிந்தால் ஹெட்ஃபோனை இடம் வலம் மாற்றி மாட்டிப் பாருங்கள். குறை மறு காதுக்குப் போனால் ஹெட்ஃபோன், கேபிள், ஆம்ப் மூன்றில் ஒன்று. அதே காதிலேயே நின்றால் காதைக் காட்டுங்கள். குறும்பி அடைத்த காதோடு வந்து 5 மாதப் பழசை மாற்றித் தரச் சொன்னவர் கதை எனக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

'ஓடவிட்டுப் பழக்க வேண்டும், 200 மணி நேரம்' என்பார்கள். 200 மணி நேரத்தில் பழகுவது பெரும்பாலும் பேடும் உங்கள் மூளையும்தான். அதற்குள் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்துவிடும். முதல் வாரமே உட்கார்ந்து கேளுங்கள்.

இது ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பாஸ் இல்லை என்று சத்தத்தைக் கூட்டாதீர்கள். கசியும் பேடோடு ஈக்வலைசரில் பாஸை ஏற்றி, போதாமல் குமிழையும் திருப்பி, மூடிய ஹெட்ஃபோனுக்குள் மணிக்கணக்கில் இருப்பவர்களைப் பார்க்கும்போதுதான் வயிறு கலங்குகிறது. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 80 டெசிபெல்லில் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 89-க்குப் போனால் வாரம் முழுதுக்குமே 5 மணி நேரம்தான். கேட்டு முடித்த பின் காதுக்குள் 'ஙொய்' என்று ரீங்காரம் நின்றால், அது அன்றைக்கு எல்லை மீறிவிட்டதற்கான அடையாளம். அடிக்கடி வந்தால் என்னிடம் வராதீர்கள், காது மருத்துவரிடம் போங்கள். சவ்வு கிழிந்தால் நான் டிரைவர் மாற்றித் தருவேன். உள்காதின் நுண்மயிர் செல்லுக்கு உதிரி பாகம் எவரிடமும் இல்லை.

மரத்துக்கு என்னதான் செய்வது? உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள், போதும். மரம் ஈரத்தில் இழைக்குக் குறுக்கே உப்பும், காய்ந்தால் சுருங்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போனால் பூச்சு வெடிக்கும், ஒட்டு விடும். பேடில் ஆல்கஹால் துடைப்பான் படக் கூடாது. தோல் உரியத் தொடங்கிய பேடை அந்தக் கணமே மாற்றுங்கள், அதே மாடலுக்கு உரியதாகப் பார்த்து. 'எல்லாவற்றுக்கும் பொருந்தும்' என்று விற்கும் பேடைப் போட்டுவிட்டு ஹெட்ஃபோனை விமர்சிக்காதீர்கள். கண்ணாடிக்காரர்கள் கை மெலிந்த பிரேமோடு கேட்டுப் பாருங்கள். கப்பைத் திறக்காதீர்கள்.

ஐந்தாமவரின் எண்ணெய்க் கப் இன்னும் என் மேசையில் கவிழ்ந்து கிடக்கிறது. ஊறிய ஃபெல்ட்டைச் சுரண்டி எடுத்தாயிற்று, பசையையும் துடைத்தாயிற்று. உறிஞ்சு தாளை மாற்றி மாற்றி வைக்கிறேன். ஒவ்வொரு நாள் காலையிலும் தாளில் வட்டமாக எண்ணெய் இறங்கியிருக்கிறது. அது வற்றினால்தான் புது ஃபெல்ட் ஒட்டும். "எப்போ சார் ரெடி?" என்று நேற்றும் போன் செய்தார். மரத்தைத்தான் கேட்க வேண்டும் என்றேன்.