மார்புத் தசை இல்லாமல் பிறந்தவர்களுக்கு மார்பகம் அமைப்பது எப்படி?

இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி அழுத்தினால் அக்குளின் முன்பக்கம் ஒரு தசை புடைக்கும். ஒரு பக்கம் மட்டும் அது எழவில்லையென்றால் போலண்ட் சிண்ட்ரோமாக இருக்கலாம். மார்பெலும்பிலிருந்து வரும் பெரிய மார்புத் தசையின் பகுதி பிறவியிலேயே இருக்காது. மேலே மார்பகமும் சரியாக வளராமலோ, வளராமலே போகவோ கூடும். 1841-இல் லண்டனில் மருத்துவ மாணவராக இருந்த ஆல்ஃப்ரெட் போலண்ட் இதைப் பதிவுசெய்தார். வலப்பக்கத்தில்தான் அதிகம். அந்தப் பக்கத்து விரல்கள் குட்டையாகவோ ஒட்டியோ இருக்கலாம். கருவின் ஆறாவது வாரத்தையொட்டி அப்பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைவதே காரணம் என்பது பரவலான கருத்து. தாய் கிரகணத்தன்று வெளியே வந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தஞ்சாவூர், மன்னார்குடிப் பக்கம் ரவிக்கைக்கு அளவெடுக்கும்போதுதான் பல வீடுகளில் பேச்சே எழும். அவசரப்பட வேண்டியதில்லை, மறுபக்க மார்பகம் வளர்ந்து முடிந்த பிறகே இறுதி அறுவை சிகிச்சை. அதுவரை பொறுக்க முடியாத பெண்ணுக்குத் தோலடியில் விரியும் சிலிக்கோன் பையை வைத்து, சில வாரங்களுக்கொரு முறை ஊசிவழியே உப்புநீர் ஏற்றலாம்.

சிலிக்கோன் இம்ப்ளான்ட் (நிரந்தரச் செயற்கை மார்பகம்) மட்டும் வைத்தால் போதாது. அதை மூடுவதற்குத் தசை இல்லாததால் விளிம்பு தெரியும். காறை எலும்புக்குக் கீழுள்ள பள்ளமும் அப்படியே நிற்கும். அதற்காக முதுகின் அகன்ற தசையை, இரத்தக் குழாயை அறுக்காமல், அக்குள் வழியாக முன்னால் கொண்டுவருவார்கள். சிலருக்கு அந்தத் தசையும் இருக்காது என்பதால் முன்கூட்டியே சோதிப்பது கட்டாயம். முதுகில் நீர் கோத்துக்கொள்ளலாம். தோள்பலமும் கொஞ்சம் குறையலாம். நெல்மூட்டை தூக்குகிறவரிடம் இதை மறைக்கக் கூடாது.

பள்ளம் சிறிதாக இருந்தால் கொழுப்பு மாற்றமே மேல். வயிறு, தொடையிலிருந்து உறிஞ்சிய கொழுப்பைச் சுழற்றி, எண்ணெயையும் நீரையும் பிரித்துவிட்டு, மெல்லிய குழாயால் இழை இழையாகச் செலுத்துவார்கள். நாற்றைக் கொத்தாக அமுக்காமல் பிரித்து நடுவது போலத்தான். ஓரிடத்தில் குவித்தால் நடுவிலுள்ள செல்களுக்கு இரத்தம் எட்டாது. அவை செத்து எண்ணெய்க் கட்டியாகும். சரியாகச் செய்தாலும் ஒரு பங்கு கரையும். அதனால் மூன்று மாதமாவது இடைவெளி விட்டு இரண்டு, மூன்று முறை செய்ய வேண்டிவரும். ஒல்லியான பெண்களிடம் எடுக்கக் கொழுப்பே போதாது என்பதுதான் நடைமுறைச் சிக்கல்.

பிற்காலத்தில் மார்பக ஸ்கேனுக்குப் போனால் கொழுப்பு வைத்ததை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சுண்ணாம்புப் படிவுகள் படத்தில் தெரிந்து, தேவையில்லாமல் ஊசிப் பரிசோதனை வரைக்கும் இழுத்துவிடும்.