படைவீரர் கையில் தூரிகை: சமூகக் கலைப்பட்டறை நடத்துவோர் கவனத்துக்கு

முன்னாள் படைவீரர்களுக்காக நான் நடத்திவரும் ஓவிய, களிமண் பட்டறைக்கு வந்த ஒருவர், முதல் ஐந்து வாரங்களில் ஒரு கோடுகூட வரையவில்லை. எல்லோருடைய பென்சில்களையும் வாங்கிக் கூராக்குவார், நீளவாரியாக அடுக்கிவைப்பார், நேரம் முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். உடன் பணியாற்றிய தன்னார்வலர் ஒருவர், "இவருக்கு ஆர்வம் இல்லை போலிருக்கிறது, இந்த இடத்தைக் காத்திருக்கும் வேறொருவருக்குத் தரலாமே" என்று கேட்டார். நான் சம்மதிக்கவில்லை. வீட்டை விட்டு வெளியே வருவதையே நிறுத்தியிருந்த ஒரு மனிதர், வாரம் தவறாமல் குறித்த நேரத்துக்கு வந்து, பிறருக்கு முதுகைக் காட்டி அமர்ந்து, ஒன்றரை மணி நேரம் இருந்துவிட்டுப் போகிறார் என்றால், அவருக்கு வேண்டியது ஏதோ அங்கே கிடைத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் பொருள். பட்டறை தொடங்க விரும்பும் நண்பர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: வருபவரிடம் கதையையும் கேட்காதீர்கள், படைப்பையும் கேட்காதீர்கள், கைக்கு வேலை கொடுத்துவிட்டுக் காத்திருங்கள்.

இது புதிதாகத் தோன்றிய யோசனை அன்று. முதல் உலகப்போரில் கைகளில் காயமடைந்த ஆங்கில நடிகர் எர்னஸ்ட் தெசிகரின் முயற்சியால், உடல் ஊனமுற்ற வீரர்களுக்கான பூத்தையல் அமைப்பு ஒன்று 1918இல் லண்டனில் தொடங்கியது. போர் முடிந்த மறு ஆண்டு, அந்நகரின் புனித பவுல் பேராலயத்தில் நடந்த நன்றி வழிபாட்டில் பயன்படுத்தப்பட்ட பீடத் திரைச்சீலையை, வெவ்வேறு மருத்துவமனைகளில் இருந்த 138 வீரர்கள் பகுதி பகுதியாகத் தைத்திருந்தார்கள். அதே போரில் பணியாற்றிய ஓவியர் ஏட்ரியன் ஹில், 1938இல் காசநோய்க்காகச் சிகிச்சை இல்லத்தில் படுத்திருந்தபோது, படுக்கையிலேயே வரையத் தொடங்கினார். தமக்குக் கிடைத்த ஆறுதலைப் பிறகு சக நோயாளிகளுக்கும், அங்கு வந்துசேர்ந்த காயம்பட்ட வீரர்களுக்கும் கொண்டுசென்றார். கலைவழிச் சிகிச்சையைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரை 1942இல் வழக்குக்குக் கொண்டுவந்தவரும் அவரே.

கை முந்திக்கொள்ள வேண்டும், வாய் பிந்த வேண்டும் என்பதற்கு உடலியல் சார்ந்த காரணமும் உண்டு. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு உள்ளவர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 1996இல் வெளியான மூளைப் படமெடுப்பு ஆய்வொன்றில், தம் அனுபவத்தை விவரிக்கும் ஒலிப்பதிவைக் கேட்டபோது, பேச்சை உருவாக்கும் புரோக்கா பகுதியின் இயக்கம் குறைந்தது. அதில் பங்கேற்றவர்கள் எட்டுப் பேர்தாம் என்பதால் அதன்மீது பெரிய மாளிகை எழுப்பிவிடக் கூடாது. ஆயினும் மேசையருகே நாங்கள் காண்பதோடு அது ஒத்துப்போகிறது. "என்ன நடந்தது?" என்று கேட்டால் வாயடைத்துப்போகிறவர், அதே நிகழ்வின் நிறத்தையும் எடையையும் வெளிச்சம் வந்த திசையையும் தாளில் தயக்கமின்றி வைத்துவிடுவார்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்த வேண்டும். அமெரிக்காவின் பெதஸ்தாவிலுள்ள வால்ட்டர் ரீட் ராணுவ மருத்துவ வளாகத்தில் மூளைக்காயமும் மன அதிர்ச்சியும் உடைய வீரர்கள் செய்த முகமூடிகள், 2015இல் ஒரு பன்னாட்டு இதழின் அட்டைக் கட்டுரை வழியாக உலகெங்கும் அறியப்பட்டன. அவை பயிற்சி பெற்ற கலைச் சிகிச்சையாளரின் மேற்பார்வையில், மருத்துவக் குழுவின் ஓர் அங்கமாக உருவானவை. சமூகக் கூடத்தில் நடக்கும் பட்டறை அவ்வகைச் சிகிச்சை அன்று. அப்படிச் சொல்லிக்கொள்ளவும் கூடாது. சிகிச்சை முடிந்தவருக்கும், சிகிச்சைக்கு இன்னும் மனம் ஒப்பாதவருக்கும், "நோயாளி" என்ற சீட்டைக் கழுத்தில் மாட்டாமல் போய் உட்கார ஓர் இடம் தருவதே அதன் பணி. உறக்கமின்மை, தற்கொலை எண்ணம், குடிப்பழக்கம் ஆகியவை மேசையில் வெளிப்படும்போது யாரை அழைப்பது, அந்த நேரத்தில் அவருடன் யார் இருப்பது என்பதை முதல் நாளுக்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாமல் வண்ணப்பெட்டி வாங்குவதில் பயனில்லை.

எந்த ஊடகத்தைத் தேர்ந்தெடுப்பது என்று பலரும் கேட்கிறார்கள். என் அனுபவத்தில், தொடக்கத்துக்கு ஓவியத்தைவிடக் களிமண், மரச்செதுக்கு, காகிதம் செய்தல் ஆகியவை ஏற்றவை. வெள்ளைத் தாள் ஒருவரைத் தேர்வெழுத உட்கார்த்திவைத்தது போல மிரட்டுகிறது. களிமண்ணைப் பிசைவதற்கோ யாருக்கும் திறமை வேண்டியதில்லை. மேலும், ராணுவத்தில் பல ஆண்டுகள் இருந்தவர்களுக்குக் கருவி, வரிசைமுறை, பராமரிப்பு ஆகியவை தாய்மொழி போன்றவை. 2007 முதல் அமெரிக்க முன்னாள் வீரர்கள் முன்னெடுத்துவரும் காகிதத் திட்டம் ஒன்றை இதற்குச் சிறந்த சான்றாகக் கருதுகிறேன். பங்கேற்பவர் தாம் போர்க்களத்தில் அணிந்த சீருடையைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டுகிறார். அத்துண்டுகள் நீருடன் இயந்திரத்தில் அரைபட்டுக் கூழாகின்றன. அந்தக் கூழைச் சல்லடைச் சட்டத்தில் அள்ளி, அழுத்தி, உலர்த்தித் தாளாக்கி, அதன்மீது எழுதவோ அச்சிடவோ செய்கிறார்கள். முதல் வெட்டுக்குக் கத்தரிக்கோலை எடுப்பதற்கே சிலருக்கு நெடுநேரம் ஆகும் என்பதை எவரும் ஊகிக்கலாம். அலமாரியில் தொங்கவிடவும் முடியாத, தூக்கியெறியவும் முடியாத ஒரு துணி, அவருடைய கையாலேயே வேறொன்றாக மாறுகிறது; அவர் ஒரு வாக்கியம்கூடப் பேச வேண்டியிருப்பதில்லை.

அறையின் அமைப்பு நாம் நினைப்பதைவிட முக்கியமானது. சுவரில் முதுகு சாய்த்து வாசலைப் பார்த்தபடி அமரக்கூடிய இருக்கைகள் போதுமான எண்ணிக்கையில் இருக்க வேண்டும். கதவைப் பின்னாலிருந்து திறந்துகொண்டு யாரும் திடீரென்று நுழையக் கூடாது. எண்ணெய் வண்ணங்களைக் கரைக்க உதவும் டர்பன்டைன், மண்ணெண்ணெய் போன்றவற்றின் எரிபொருள் வாடைகள் சிலரை நொடியில் பழைய இடத்துக்கு இழுத்துச் சென்றுவிடும் என்பதால் நீரில் கரையும் வண்ணங்களே நல்லவை. ஒருமுறை அடுத்த அறையில் யாரோ இரும்பு நாற்காலியைத் தரையில் போட்ட சத்தத்தில், எங்கள் மேசையிலிருந்த நால்வர் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டார்கள். அதன்பிறகு பக்கத்து அறை நிகழ்ச்சிகளின் பட்டியலைக் கேட்டு வாங்கிய பின்னரே நாள் குறிக்கிறோம். மூளைக்காயம் பட்டவர்களுக்குக் குழல்விளக்கின் சிமிட்டலும் நீண்ட அமர்வும் தலைவலியைத் தரும். இடைவேளையை அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் நாமே அறிவிக்க வேண்டும். பதவிப் படிநிலை அறைக்குள்ளும் வந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்க. முன்னாள் அதிகாரி ஒருவர் இருந்தால் மற்றவர்கள் அவர் தொடங்கும்வரை தூரிகையைத் தொடமாட்டார்கள். பெயரை மட்டும் எழுதிய அட்டைகள் ஓரளவுக்கு உதவும். மீதியைக் களிமண் பார்த்துக்கொள்ளும், ஏனெனில் அதன்முன் எல்லோரும் ஒரே அளவுக்குத் தடுமாறுகிறார்கள்.

தன்னார்வலர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. "யாரையாவது கொன்றிருக்கிறீர்களா?" என்ற கேள்வியைக் கேட்கக் கூடாது என்று பெரும்பாலோருக்குத் தெரியும். "உங்கள் தியாகத்துக்கு நன்றி" என்பதும் சிலரைக் காயப்படுத்தும் என்பது பலருக்குத் தெரியாது. தாம் செய்ததோ, செய்யத் தவறியதோ, தடுக்க முடியாமல் பார்த்துக்கொண்டு நின்றதோ மனச்சாட்சியை அறுத்துக்கொண்டிருக்கும் நிலையை அறக்காயம் என்கிறோம். வியட்நாம் போர் வீரர்களுக்குச் சிகிச்சையளித்த மனநல மருத்துவர் ஜொனாதன் ஷே 1990களில் இக்கருத்தை விரிவாக விளக்கினார். இது அச்சத்தால் வரும் நோய் மட்டுமே அன்று என்பதால், புகழுரை அவர்களுக்கு ஆறுதலாவதில்லை. தம்மை யாரும் உண்மையாகப் பார்க்கவில்லை என்ற எண்ணத்தையே அது உறுதிப்படுத்துகிறது. ஆகவே, "இந்தப் பச்சையை எப்படிக் கலந்தீர்கள்?" என்று கேளுங்கள். படத்தைப் பற்றிப் பேசுங்கள், படைத்தவரை ஆராயாதீர்கள். கறுப்பு வண்ணம் கண்டவுடன் துயரம் என்று பொருள் கூறும் அரைகுறை உளவியலை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஒருவர் ஆறு வாரம் கறுப்பில் மட்டும் வரைந்தார். நான் மிகக் கவலைப்பட்டேன். பிறகுதான் தெரிந்தது, மற்ற குப்பிகளின் மூடிகளை அவருடைய காயம்பட்ட விரல்களால் திறக்க முடியவில்லை.

கண்காட்சி வைப்பதில் எனக்குக் கலவையான எண்ணமே உண்டு. சிகாகோவில் வியட்நாம் போர் வீரர்கள் 1981இல் தம் படைப்புகளைத் திரட்டத் தொடங்கியது, பின்னாளில் முன்னாள் வீரர்களின் கலைக்கென்றே ஓர் அருங்காட்சியகமாக வளர்ந்தது. அப்போரில் இறந்த அமெரிக்கர்கள் ஒவ்வொருவருக்கும், வீரர்கள் கழுத்தில் அணியும் ஓர் அடையாளத் தகடு வீதம், 58,000க்கும் மேற்பட்ட தகடுகளைக் கூரையிலிருந்து தொங்கவிட்ட படைப்பு அங்கு உருவாயிற்று. எதைக் காட்டுவது, எப்படிக் காட்டுவது என்பதை அங்கே முடிவுசெய்தவர்கள் வீரர்களே. நம்மிடையே நடப்பவற்றில் பல அப்படியில்லை. நன்கொடையாளர் பார்வையிட வரும் நாளுக்காகப் படங்கள் சட்டமிடப்படுகின்றன. படத்தருகே வரைந்தவரின் நோயும் காயமும் எழுதி ஒட்டப்படுகின்றன. படைப்பு அவருடைய சொத்து. காட்டவோ, விற்கவோ, கிழித்துப் போடவோ அவருக்கு உரிமையுண்டு என்பதையும், கொடுத்த இசைவைக் கடைசி நாளிலும் திரும்பப் பெறலாம் என்பதையும் எழுத்தில் தர வேண்டும். கண்காட்சி முடிந்த மறுநாள் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்துப் பேசுவதை நாங்கள் கட்டாய வழக்கமாக்கியிருக்கிறோம், ஏனெனில் கைத்தட்டல் அடங்கிய பின் வரும் இரவு சிலருக்கு மிக நீளமானது.

இத்திட்டங்களில் நேரும் மிகப் பெரிய பிழை, நிதி தீர்ந்ததும் சொல்லாமல் நின்றுவிடுவதுதான். கூட இருந்தவர்களை ஒரே நாளில் இழந்து பழகியவர்களுக்கு, பூட்டிய கூடத்தின் முன் வந்து நிற்பது என்னவாக இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு வாரத்துக்கே பணம் இருந்தால் பன்னிரண்டு வாரம் என்று முதல் நாளே அறிவியுங்கள். பத்தாம் வாரத்திலிருந்து அடுத்து எங்கே போகலாம் என்பதைச் சேர்ந்து பேசுங்கள். பொருட்களின் பொறுப்பை மெல்ல அவர்களிடமே ஒப்படையுங்கள். பென்சில் கூராக்கியவர் இன்றுவரை எதையும் வரையவில்லை. இரண்டாவது சுற்றிலிருந்து பொருளறையின் சாவி அவரிடம்தான் இருக்கிறது. கடந்த மாதம் புதிதாக வந்து வாசலிலேயே நின்றுவிட்ட ஓர் இளைஞரிடம் அவர் ஒன்றும் பேசாமல், மழுங்கிய பென்சில்கள் நிறைந்த ஒரு பெட்டியையும் ஒரு சிறு கத்தியையும் கொண்டுபோய்க் கொடுத்தார்.