இலவச உலாவிக்கு யார் பணம் தருகிறார்கள்?

சிறு அலுவலகங்களின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். புதுக் கணினி அமைத்துக் கொடுக்கும்போதெல்லாம், "சார், எந்த பிரௌசர் நல்லது?" என்று கேட்பார்கள். போன மாதம் ஒரு தணிக்கையாளர் வேறு மாதிரிக் கேட்டார்: "எல்லாமே இலவசம்னா, இதைச் செய்யறவங்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வருது?" கணக்குப் பார்ப்பவர் அல்லவா!

பெரும்பாலும் முகவரிப் பட்டையிலிருந்து வருகிறது. அதில் நாம் எதையாவது தட்டினால் எந்தத் தேடுபொறி திறக்க வேண்டும் என்பது முன்பே முடிவாகியிருக்கும். அந்த இடத்துக்கு வாடகை உண்டு. ஆப்பிளின் உலாவியான சஃபாரியில் அந்த இடத்துக்காக 2022-இல் கூகுள் ஆப்பிளுக்குக் கொடுத்தது சுமார் 2,000 கோடி டாலர். அமெரிக்க அரசு கூகுள் மீது தொடுத்த ஏகபோக வழக்கில் வெளிவந்த கணக்கு இது. இத்தனைக்கும், விளம்பர நிறுவனங்கள் போன்ற வெளியார் நம் உலாவியில் போட்டுவைத்து, தளம் தளமாக நம்மைப் பின்தொடர உதவும் சிறு குறிப்புகளான மூன்றாம் தரப்புக் குக்கீகளை 2020-லேயே முழுவதுமாக அடைத்த உலாவி சஃபாரி.

ஃபயர்பாக்ஸின் பாடு இன்னும் சிக்கல். அதன் வருமானத்தில் ஏறத்தாழ 85 சதவீதம் கூகுள் தருவது. 2025 மே மாதம், அதைத் தயாரிக்கும் மொசில்லாவின் நிதி அதிகாரியே இதை நீதிமன்றத்தில் சொன்னார். தனியுரிமை பேசிக்கொண்டே கூகுளிடம் பணம் வாங்குவதைப் பாசாங்கு என்று நான் சொல்லமாட்டேன். வாடகை வாங்கிக்கொண்டே குக்கீயைத் தடுக்கவும் முடிகிறது. ஆனால் 2024 ஜூலையில் வந்த 128-ஆம் பதிப்பில், விளம்பரப் பலனை அளக்கும் ஒரு வசதியை யாரையும் கேட்காமல் இயக்கி வைத்தார்கள். குக்கீயைவிட அது மேலான முறையாகவே இருக்கலாம். கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிரேவ் என்ற உலாவியும் 2020-இல் சறுக்கியது. கிரிப்டோ வணிகத் தளமான பைனான்ஸின் முகவரியைத் தட்டினால், தனக்குக் கமிஷன் தரும் குறியீட்டைத் தானாகச் சேர்த்துக்கொண்டது. பிடிபட்டதும் தலைவர் பிரெண்டன் ஐக் மன்னிப்புக் கேட்டார்.

கூகுளின் குரோம்? மூன்றாம் தரப்புக் குக்கீகளை இரண்டு ஆண்டுகளில் ஒழிப்போம் என்று 2020-இல் சொல்லி, தள்ளித் தள்ளிப் போட்டு, 2024-இல் கைவிட்டார்கள். விளம்பரமே பிழைப்பாக இருக்கும் வீடு. குக்கீயை எடுத்தால் போட்டி விளம்பர நிறுவனங்கள் நசுங்கும் என்று பிரிட்டனின் போட்டி ஆணையமும் கவலைப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தடுக்கும் வசதி குரோமிலும் உண்டு. நாமாகப் போய்ப் போட வேண்டும். போட்ட பிறகு ஏதாவது தளம் முரண்டு பிடித்தால், அதற்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம்.

தணிக்கையாளரின் ஊழியர்கள் மறைநிலைச் (இன்காக்னிட்டோ) சாளரத்தைத்தான் பாதுகாப்பு என்று நம்பியிருந்தார்கள். அது அந்தக் கணினியில் வரலாற்றை வைக்காது. எதிரே இருக்கும் தளத்துக்கு நம்மை மறைக்காது. இதை விளக்கவே அரை மணி நேரம் போனது.

சரி, கடைசியில் அவருக்கு ஃபயர்பாக்ஸ் போட்டேன். குரோமையும் விட்டுவைத்து, அதில் குக்கீத் தடுப்பைப் போட்டேன். "தேடுபொறியையும் மாத்தித் தரவா?" என்றேன்.

"வேணாம் சார், கூகுளே இருக்கட்டும்" என்றார்.